குழந்தையின் மொழியும் அறிதிறன் வளர்ச்சியும்: ஒரு நூற்றாண்டு ஆய்வின் வரலாறு



சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் சந்திப்பு ஒன்றில் உரையாற்றிவிட்டு இறங்கியபோது, இளந்தாய் ஒருவர் நம்மிடம் வந்தார். அவருடைய மகனுக்கு வயது மூன்று. பேச்சு சற்றுத் தாமதமாகவே வந்தது. "ஒரு மொழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அது ஆங்கிலமாகவே இருக்கட்டும்" என்று யாரோ அவருக்கு அறிவுரை கூறியிருந்தனர். வீட்டில் குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கோ தமிழ் ஒன்றே தெரியும். "சார், நாங்க தமிழ்ல பேசினா புள்ளைக்குக் கெடுதலா?" என்று அத்தாய் கேட்டார்.

"கெடுதல் இல்லையம்மா, இரண்டு மொழி பேசினால் மூளை கூர்மையாகும்" என்று நாம் விடை கூறினோம். அவர் முகம் தெளிந்தது. நமக்கும் மனநிறைவாக இருந்தது. ஆனால் அவ்விடையின் முற்பகுதி எவ்வளவு உறுதியானதோ, பிற்பகுதி அவ்வளவு உறுதியானதன்று. இதே கூற்றை நாம் மேடைகளில் பலமுறை சொல்லியிருக்கிறோம். இன்றைய உரை, அவ்விடையைத் திருத்திக்கொள்ளும் முயற்சி என்று கொள்ளலாம். அதற்கு, மொழிக்கும் குழந்தையின் அறிதிறனுக்கும் உள்ள உறவைப் பற்றி அறிஞர்கள் சென்ற நூற்றாண்டு முழுவதும் கேட்ட கேள்விகளின் வரலாற்றைப் பார்க்கவேண்டும்.

குற்றம் சாட்டப்பட்ட மொழிகள்

இக்கதை வேல்ஸ் நாட்டில் தொடங்குகிறது. 1847ஆம் ஆண்டு, அந்நாட்டுக் கல்விநிலை குறித்துப் பிரிட்டிஷ் அரசு அமைத்த ஆணையம் தன் அறிக்கையை வெளியிட்டது. மக்களின் பின்தங்கிய நிலைக்கு வெல்ஷ் மொழியே ஒரு காரணம் என்று அவ்வறிக்கை கூறியது. அந்நூற்றாண்டில் அங்குள்ள பள்ளிகள் சிலவற்றில், வெல்ஷ் மொழி பேசிய குழந்தையின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைத் தொங்கவிடும் வழக்கமும் இருந்தது. அடுத்து வெல்ஷ் பேசிப் பிடிபடும் குழந்தையின் கழுத்துக்கு அது மாறும். நாள் முடிவில் அதை அணிந்திருக்கும் குழந்தைக்குத் தண்டனை கிடைக்கும்.

இருபதாம் நூற்றாண்டில் அம்மரத்துண்டின் இடத்தை எண்கள் பிடித்தன. 1905இல் பாரிஸ் நகரில் பினே, சிமோன் ஆகிய இருவரும் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கினர். படிப்பில் தனி உதவி தேவைப்படும் குழந்தைகளை அடையாளம் காண்பதே அதன் நோக்கம். விரைவில் அது மொழிகளை எடைபோடும் தராசாகவும் ஆயிற்று. 1923இல் சேயர் என்பவர், வேல்ஸ் நாட்டில் ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஏறத்தாழ 1,400 குழந்தைகளை ஆராய்ந்தார். நாட்டுப்புறத்து இருமொழிக் குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றனர். இருமொழியே அவர்களுடைய மனத்தைக் குழப்பியது என்ற முடிவு உலகெங்கும் பரவியது.

ஆனால் அதே ஆய்வில், நகரத்து இருமொழிக் குழந்தைகளுக்கும் ஒருமொழிக் குழந்தைகளுக்கும் இடையே அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. அந்நகரத்துக் குழந்தைகள் பள்ளிக்கு வருமுன்பே ஆங்கிலத்தோடு பழகியவர்கள். நாட்டுப்புறத்துக் குழந்தைகளுக்கோ அது பெரும்பாலும் பள்ளிக்கூடத்து மொழி. இரண்டு மொழிகள் இருப்பதே கேடு என்றால், நகரத்துக் குழந்தையும் கெட்டிருக்கவேண்டுமே! வாழிடம், குடும்பத்தின் பொருள்நிலை, மொழியைப் பயன்படுத்தக் கிடைத்த வாய்ப்பு ஆகிய வேறுபாடுகளையெல்லாம் அன்றைய ஆய்வு மொழியின் தலையில் சுமத்திவிட்டது.

அமெரிக்காவிலும் இதே நிலைதான். குடியேறிகளின் வீடுகளில் அயல்மொழி பேசப்படுவது குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைத் தடுக்கும் காரணங்களுள் ஒன்று என்று 1926இல் குட்எனஃப் எழுதினார். 1939இல் ஹவாய்த் தீவுகளின் பாலர் வயதுக் குழந்தைகளை ஆராய்ந்த மடோரா சுமித்தும், இருமொழிச் சூழலைப் பின்னடைவோடு தொடர்புபடுத்தினார். நம் இளந்தாயின் செவிக்கு எட்டிய அறிவுரைக்கு வயது ஏறத்தாழ நூறு.

நாட்குறிப்புகள் காட்டிய குழந்தை

அதே காலத்தில், சோதனைத் தாள்களை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரே குழந்தையின் பேச்சை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்த மொழியியலாளரும் இருந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரோன்ழாவின் மனைவி ஜெர்மானியர். தந்தை பிரெஞ்சிலும் தாய் ஜெர்மனிலும் மட்டுமே மகன் லூயியோடு பேசிவந்தனர். அக்குழந்தை இரு மொழிகளிலும் இயல்பாக வளர்ந்த வரலாற்றை ரோன்ழா 1913இல் நூலாக வெளியிட்டார். அமெரிக்காவில் வாழ்ந்த லியோபோல்டு, தம் மகள் ஹில்டகார்டின் ஆங்கில, ஜெர்மன் பேச்சை 1939 முதல் 1949 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டார்.

குழந்தையின் வளர்ச்சியை மாதக்கணக்கில் உற்றுநோக்குவது தமிழுக்குப் புதிதன்று. செங்கீரை, தால், சப்பாணி என்று பிள்ளைத்தமிழ் நூல்கள் பருவம் வகுத்தன. செங்கீரை என்பதைக் குழந்தை மழலை பேசத் தொடங்கும் பருவமாகப் பொருள்கொண்டாரும் உண்டு. ஆயினும் புலவர் பாடியது எல்லாக் குழந்தைக்கும் பொதுவான ஒரு குழந்தையை. மொழியியலாளர் குறித்தது ஒரு வீட்டில் ஒரு நாளில் ஒரு குழந்தை சொன்ன சொல்லை.

லியோபோல்டு கண்ட செய்தி ஒன்று நம் நோக்கத்திற்கு முதன்மையானது. பொதுவாகச் சிறு குழந்தைகள், கதையில் ஒரு சொல் மாறினாலும் "அப்படி இல்லை" என்று திருத்துவார்கள். ஹில்டகார்டு அப்படிப் பிடிவாதம் செய்யவில்லை; பொருள் மாறாதவரை சொல் மாறலாம் என்று ஏற்றுக்கொண்டாள். ஒரே பொருளை இரண்டு பெயர்களால் அழைத்துப் பழகிய குழந்தை, பெயர் வேறு, பொருள் வேறு என்பதை முன்னதாகவே உணர்ந்துவிடுகிறது என்று லியோபோல்டு கருதினார்.

உடைந்த பென்சில்

1923ஆம் ஆண்டை மீண்டும் நினைவில் கொள்வோம். சேயரின் ஆய்வு வெளிவந்த அதே ஆண்டில், ஜெனீவாவில் பியாழே குழந்தையின் மொழியும் சிந்தனையும் பற்றிய தம் முதல் நூலை வெளியிட்டார். ஆறு வயதுக் குழந்தைகளின் பேச்சில் கணிசமான ஒரு பகுதி யாருக்கும் சொல்லப்படுவதில்லை. அவர்கள் தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார்கள் என்பதை அவர் கண்டார். இதனைத் தன்மையப் பேச்சு எனலாம். பிறர் நோக்கில் பார்க்கும் ஆற்றல் வளர வளர இப்பேச்சு மறைந்துவிடும் என்பது அவர் கருத்து.

மாஸ்கோவில் விகோட்ஸ்கி இதனை மறுத்தார். தன்மையப் பேச்சு மறைவதில்லை, உள்ளே செல்கிறது, பெரியவர்களின் மனத்துள் ஓடும் அகப்பேச்சாக மாறுகிறது என்றார். இதற்கு அவர் காட்டிய சான்றுகள் எளியவை. குழந்தை படம் வரையும்போது வேண்டிய வண்ணப் பென்சில் இல்லாதபடி செய்தால், அதன் தனிப்பேச்சு ஏறத்தாழ இருமடங்காகிறது. இடர்ப்பாடு வரும்போது குழந்தை பேச்சைக் கருவியாகக் கையில் எடுக்கிறது. ஐந்தரை வயதுக் குழந்தை ஒன்று டிராம் வண்டி வரைந்துகொண்டிருந்தபோது பென்சில் முனை முறிந்தது. "உடைந்துவிட்டது" என்று தனக்குள் முணுமுணுத்தது. பென்சிலை வைத்துவிட்டு நீர்வண்ணத்தை எடுத்தது. விபத்தில் உடைந்த டிராம் வண்டியையே வரைந்து முடித்தது. பென்சிலைப் பற்றி எழுந்த சொல் படத்தின் திட்டத்தையே மாற்றிவிட்டது.

வேறொரு சோதனையில், தன் பேச்சு புரியாத அயல்மொழிக் குழந்தைகளோடும் செவித்திறன் இல்லாத குழந்தைகளோடும் ஒரு குழந்தையை விளையாட விட்டார். அதன் தனிப்பேச்சு வெகுவாகக் குறைந்தது. பிறரோடு பேசும் பேச்சிலிருந்துதான் தன்னோடு பேசும் பேச்சு பிறக்கிறது என்பது இதனால் விளங்கியது. எந்த மொழியில் குழந்தையோடு உரையாடுகிறோமோ, அந்த மொழிதான் அதன் சிந்தனைக் கருவியாகும் தகுதியைப் பெறுகிறது.

விகோட்ஸ்கி 1934இல் தம் முப்பத்தேழாம் வயதில் காசநோயால் மறைந்தார். 'சிந்தனையும் மொழியும்' அவ்வாண்டே வெளிவந்தும், சோவியத் நாட்டில் விரைவில் முடக்கப்பட்டது. 1956இல்தான் மறுபதிப்பு வந்தது. ஆங்கில வடிவம் கிடைத்தது 1962இல். முப்பது ஆண்டுகாலம் உலகம், குழந்தையிடம் எத்தனை மொழிகள் உள்ளன என்று எண்ணிக்கொண்டிருந்தது. மொழியைக் கொண்டு குழந்தை என்ன செய்கிறது என்ற கேள்வி பூட்டிய அறையில் கிடந்தது.

மாண்ட்ரியால் நகரத்துத் திருப்பம்

அதே 1962இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரிலிருந்து மற்றொரு குரல் எழுந்தது. மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீல், லாம்பர்ட் இருவரும் ஆறு பிரெஞ்சுப் பள்ளிகளின் பத்து வயது மாணவரை ஆராய்ந்தனர். குடும்பப் பொருள்நிலை ஒத்தவர்களையே ஒப்பிட்டனர். இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒத்த திறன் உடையோரையே இருமொழியாளர் என்று கொண்டனர். மொழிசார்ந்த சோதனைகளில் இருமொழியாளர் பின்தங்குவர் என்றே அவர்கள் எதிர்பார்த்திருந்தனர். முடிவோ நேர்மாறாக அமைந்தது: மொழிசார்ந்த சோதனைகளிலும் மொழிசாராச் சோதனைகளிலும் இருமொழிக் குழந்தைகளே முன்னின்றனர்.

இம்முடிவிலும் ஒரு முடிச்சு உண்டு. இரு மொழிகளிலும் ஒத்த திறன் பெற்றோரையே தேர்ந்தெடுத்தால், இயல்பாகவே திறன் மிக்க குழந்தைகள் அக்குழுவில் மிகுந்திருக்கலாம் அல்லவா? இருமொழி அறிவைக் கூர்மையாக்கியதா, கூரிய அறிவு இருமொழியை எளிதாக்கியதா என்பதை அவ்வாய்வு கொண்டு உறுதிசெய்ய இயலாது.

பின்வந்தோர் கேள்வியை நுட்பமாக்கினர். 1972இல் அயாங்கோ வொரால், தென்னாப்பிரிக்காவில் ஆஃப்ரிகான்சும் ஆங்கிலமும் பேசும் சிறு குழந்தைகளிடம் ஓர் எளிய வினாவைக் கேட்டார். தமிழில் சொல்வதானால், 'கல்' என்ற சொல்லுக்கு நெருங்கியது 'பல்'லா, 'பாறை'யா என்பது போன்றது அவ்வினா. ஒலியைப் பார்ப்போர் 'பல்' என்பர். பொருளைப் பார்ப்போர் 'பாறை' என்பர். இருமொழிக் குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளைவிட இரண்டு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே பொருளைப் பார்க்கத் தொடங்கியிருந்தனர். லியோபோல்டு தம் வீட்டில் கண்டதற்கு இது ஆய்வுக்கூடச் சான்றாயிற்று.

1976இல் சுவீடனிலிருந்து எச்சரிக்கை ஒன்றும் வந்தது. அங்குக் குடியேறிய ஃபின்லாந்துக் குடும்பங்களின் குழந்தைகளை இசுகுட்னாப்-காங்காசும் தௌகோமாவும் ஆராய்ந்தனர். மிக இளவயதில் குடியேறியவர்களைவிட, தாய்மொழியில் சில ஆண்டுகள் கற்றுப் பத்து வயது அளவில் குடியேறியவர்கள் இரு மொழிகளிலும் நன்கு தேறினர். இவற்றையெல்லாம் கோத்து ஜிம் கம்மின்ஸ் 1970களின் பிற்பகுதியில் இரண்டு கருதுகோள்களை முன்வைத்தார். ஒன்று, முதல் மொழியில் பெற்ற சிந்தனைத் திறன் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்பது. மற்றொன்று, மொழியறிவு ஒரு குறிப்பிட்ட படியைத் தாண்டினால்தான் இருமொழியின் நன்மை கிட்டும் என்பது. இரண்டாவது கருதுகோள் இன்றும் விவாதத்திற்கு உரியது. முதலாவது வகுப்பறைகளில் நாம் நாளும் காண்பது.

தமிழர் பங்கேற்ற ஆய்வு

2004இல் கனடாவின் எலன் பியாலிஸ்டாக்கும் உடன் ஆய்ந்தோரும் வெளியிட்ட கட்டுரையைத் தமிழர் பலரும் விரும்பிச் சுட்டுவதுண்டு, நாமும் சுட்டியிருக்கிறோம். கனடாவில் வாழும் ஒருமொழியாளரையும், இந்தியாவில் வாழும் தமிழ், ஆங்கில இருமொழியாளரையும் அவர்கள் ஒப்பிட்டனர். கவனத்தைச் சிதறவிடாமல் விடையளிக்கவேண்டிய சோதனையில் இருமொழியாளரே சிறந்து விளங்கினர். 'தமிழ் அறிந்தால் மூளை கூர்மையாகும்' என்ற நம் மேடை முழக்கத்திற்கு இதுவே ஊற்று.

ஆனால் பங்கேற்றோர் பெரியவர்கள், குழந்தைகள் அல்லர். முதல் சோதனையில் இருந்தோர் நாற்பது பேர் மட்டுமே. வாழும் நாடும் சூழலும்கூட வேறு வேறு. 2013 முதல் பாப், கிரீன்பெர்க் முதலியோர் மேற்கொண்ட ஆய்வுகளில் இந்த நன்மை காணப்படவில்லை. பெரியவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளிவந்த பகுப்பாய்வு, நன்மையைக் காட்டும் ஆய்வுகளே மிகுதியாக அச்சேறும் சாய்வைக் கழித்துப் பார்த்தால் உறுதியான சான்று இல்லை என்றது. 1923இல் எதிரான முடிவை நம்பி ஏமாந்த நாம், 2004இல் சாதகமான முடிவை நம்பி அதே பிழையைச் செய்தோம். அன்றைய ஆய்வில் நாட்டுப்புற வறுமையை மறந்தனர். இன்று நாம் ஆட்தொகையையும் சூழல் வேறுபாட்டையும் மறந்தோம். நமக்கு இனிக்கும் முடிவைத்தான் நாம் கூடுதலாக ஐயுறவேண்டும்.

அப்படியானால் உறுதியாக நிற்பவை எவை? இரண்டு மொழிகள் கேட்பதால் பேச்சுக் குறைபாடு உண்டாவதில்லை. இருமொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் தெரிந்த சொற்கள் சற்றுக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிக் குழந்தைக்கு அது இளைத்ததன்று என்பதை 1993இல் மயாமி நகரத்து ஆய்வு காட்டியது. சொல்லையும் பொருளையும் பிரித்துப் பார்க்கும் மொழி விழிப்புணர்வு இருமொழிக் குழந்தைக்கு எளிதில் வாய்க்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையோடு மாறிமாறிப் பேசும் உரையாடலே அதன் சிந்தனையை வளர்க்கிறது.

சிங்கப்பூர் வகுப்பறையில்

இவ்வரலாறு நம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்தது. 1960இல் தொடக்கப்பள்ளியிலும் 1966இல் உயர்நிலைப்பள்ளியிலும் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. 1979இல் வெளியான கோ கெங் சுவீ அறிக்கை, ஆங்கிலமும் மாண்டரினும் கற்கும் மாணவருள் 85 விழுக்காட்டினர் அம்மொழிகளை வீட்டில் பேசுவதில்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. வேல்ஸ் ஆய்வில் கவனிக்கப்படாமல் போன வீட்டுமொழி, இங்கு அறிக்கையிலேயே இடம்பெற்றது. ஆயினும் அதன் பயனாக மூன்றாம் வகுப்பு முடிவில் குழந்தைகள் தரம்பிரிக்கப்பட்டனர்; சிலர் ஒருமொழிப் பிரிவில் சேர்க்கப்பட்டனர். தொடக்கப்பள்ளித் தரம்பிரிப்பு 2008இல்தான் பாட அடிப்படையிலான முறைக்கு இடம்விட்டது. இடையில், 1982இல் உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டதோடு தமிழ்வழிக் கல்வியும் முடிவுற்றது.

இன்று நிலைமை தலைகீழாகிவிட்டது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் மிகுதியாக ஆங்கிலம் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3 விழுக்காடு. தமிழை மிகுதியாகப் பேசுவோர் 3.3இலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். இரண்டாம் மொழி இன்று பல தமிழ்க் குழந்தைகளுக்கு வீட்டிலும் இரண்டாம் மொழியே.

இங்கேதான் உடைந்த பென்சில் நமக்குத் தேவைப்படுகிறது. நம் குழந்தையின் பென்சில் முறிந்தால் அது என்ன சொல்லும்? 'உடைந்துவிட்டது' என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் முணுமுணுப்பதில்லை. "ஐயோ, ஒடஞ்சு போச்சு" என்னும். இல்லையேல் ஆங்கிலத்தில் சொல்லும். தமிழில் அகப்பேச்சு உண்டென்றால் அது பேச்சுத்தமிழில்தான் உண்டு. 2005இல் தமிழ்மொழிப் பாடத்திட்டமும் கற்பித்தலும் குறித்து ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தபோது, "செந்தமிழ் என்னாவது?" என்று கவலைப்பட்டோர் பலர். எழுத்துத்தமிழின் மேல் நமக்கும் குறையாத பற்றுண்டு. வாழ்நாள் முழுவதும் அதைத்தான் கற்பித்தோம். ஆனால் ஒரு மாணவி, "அது வந்து, தண்ணி சூடானா ஆவியாயிரும்ல, அதனாலதான்..." என்று காரணம் தேடிக்கொண்டிருக்கும்போது, 'ஆவியாகிவிடும் என்று சொல்' என இடைமறித்தால், நாம் திருத்துவது சொல்லை, நிறுத்துவது சிந்தனையை. அவள் காரணத்தைச் சொல்லி முடித்தபின் அதை எழுத்துத்தமிழில் எழுதச் செய்வதே முறை. அவ்வாறு எழுதும்போது ஒரே கருத்துக்கு இரு வடிவங்கள் உண்டு என்பதை அவள் உணர்கிறாள். ஹில்டகார்டுக்கு இரு மொழிகளால் கிடைத்த விழிப்புணர்வு, இவளுக்குத் தமிழின் இரு வழக்குகளாலேயே கிடைக்கக்கூடும்.

தமிழில் சிந்திக்க வாய்ப்பளிக்கும் இடங்கள் நிறைய உள்ளன. அம்மாவும் உடன் வரும்போது 'நாம போறோம்' என்பதா, 'நாங்க போறோம்' என்பதா என்று குழந்தை தெரிந்தாகவேண்டும். கேட்பவர் குழுவில் உண்டா என்று எண்ணாமல் அதைச் சொல்ல இயலாது. 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் இடையே, கண்டதா கேட்டதா என்ற வேறுபாடு நிற்கிறது. பதினொன்று என்ற சொல்லில் பத்தும் ஒன்றும் வெளிப்படையாக உள்ளன. தொண்ணூறு மட்டும் ஏன் நூறின் சாயலில் இருக்கிறது என்று கேட்கும் குழந்தை கணக்கையும் மொழியையும் ஒருங்கே ஆராய்கிறது. இவை தமிழ்க் குழந்தையை மற்றக் குழந்தையைவிட அறிவாளியாக்கும் என்று நாம் கூறவில்லை. எந்த மொழியும் தன் குழந்தையைச் சிலவற்றைக் கவனிக்கச் சொல்கிறது. அவற்றைப் பற்றிப் பேச ஆளிருந்தால்தான் அக்கவனம் வளரும்.

நிறைவாக

தமிழை வளர்க்க மூளைக்கூர்மை என்ற விளம்பரம் வேண்டா. நாளை ஓர் ஆய்வு அதை மறுத்தால், அதை நம்பித் தமிழ் பேசிய பெற்றோர் தமிழையும் சேர்த்தே கைவிடுவர். ஆசிரியர்களுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: ஒவ்வொரு தமிழ்ப்பாட வேளையிலும், 'ஏன்?', 'எப்படித் தெரியும்?' என்று ஒருமுறையேனும் கேளுங்கள்; விடை எந்த வழக்கில் வந்தாலும் முடியும்வரை கேளுங்கள்.

அவ்விளந்தாய்க்கு இன்று விடை சொல்வதானால் இப்படிச் சொல்வோம்: "இரண்டு மொழியால் உங்கள் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. பேச்சுத் தாமதத்திற்கு வேண்டிய உதவியைக் காலந்தாழ்த்தாமல் பெறுங்கள். அதற்காகப் பாட்டியின் வாயை அடைக்காதீர்கள். பகலெல்லாம் அவனோடு இருப்பவர் அவர். அவர் வாய்மூடினால் குழந்தைக்கு மிஞ்சுவது ஆங்கிலமன்று, மௌனம். அவர் தமிழில் கேட்கட்டும். அவன் எதில் முடியுமோ அதில் சொல்லட்டும்." மூளை கூர்மையாகும் என்ற வாக்குறுதியை மட்டும் விட்டுவிடுவோம்.